காலியான நாற்காலியும் மதுக்கடை உரிமமும்: சுங்கை வே வட்டாரத்தில் உறுப்பினர் நியமனப் பணி

மதுபான விற்பனைக்கு உரிமம் வழங்கும் அமைப்பில் ஓர் உறுப்பினர் இடம் காலியாகும்போது அவ்வமைப்பின் வேலை நின்றுவிடுவதில்லை. கூட்டம் குறித்த நாளில் கூடுகிறது, விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுகின்றன, பழைய உரிமங்கள் புதுப்பிக்கப்படுகின்றன; கடை திறக்கப்படவிருக்கும் தெருவின் மாலை நேரத்தை அறிந்த ஒருவரின் சொல் மட்டும் அங்கே ஒலிப்பதில்லை. காலியிடத்தை நிரப்புவது வெறும் நிர்வாகச் சடங்கு என்று பலராலும் கருதப்பட்டாலும், குறைந்த வருமானத்தார் நெருங்கி வாழும் வட்டாரங்களில் உரிமக் கொள்கை நல்லதாக அமைவதும் கெட்டதாக அமைவதும் அந்த இடத்தில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே தொடங்குகிறது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்போர் சங்கச் செயலாளர்களாகவும், உள்ளாட்சி மன்றங்களின் நியமன உறுப்பினர்களாகவும், மனு எழுதித் தருவோராகவும் இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டோரிடம் சேர்ந்துள்ள நடைமுறை அறிவை ஒழுங்குபடுத்திக் கூறுவதும், அத்தகைய இடங்கள் விரைவாகவும் வெளிப்படையாகவும் அவ்வட்டாரத்தாரைக் கொண்டும் நிரப்பப்பட வேண்டும் என்று வாதிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டாரத்தின் இயல்பு

கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில், இன்று செரி செத்தியா என்றும் அழைக்கப்படும் சுங்கை வே, அவசரகாலத்தில் (1948–1960) கம்பி வேலிக்குள் மக்களைக் குடியேற்றி அமைத்த புதுக்கிராமங்களுள் ஒன்றாகும். பின்னர் அதன் அருகில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான தடையற்ற வணிக வளாகம் எழுந்தது; சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின; தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபோது வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தச் சுற்றுவட்டத்தில் வேலையும் வாடகை வீடும் தேடிக்கொண்டன. கின்னஸ் நிறுவனம் 1960களின் நடுவில் தொடங்கிய மதுபான ஆலையும் இதே சுங்கை வேயில்தான் அமைந்தது. 1989இல் ஏற்பட்ட இணைப்பின் வழியே கின்னஸ் ஆங்கர் நிறுவனமாகவும், 2016இல் ஹைனெக்கன் மலேசியா நிறுவனமாகவும் பெயர் மாறிய அந்த ஆலை இன்றும் இயங்குகிறது. ஷா ஆலாமில் இயங்கும் கார்ல்ஸ்பெர்க் ஆலையையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டின் இரு பெரும் பீர் ஆலைகளும் ஒரே பெட்டாலிங் மாவட்டத்திற்குள் வருகின்றன. ஆகவே இவ்வட்டாரத்தில் மது என்பது குடிப்பவரின் பிரச்சினையாக மட்டும் நிற்காமல், பலருடைய மாதச் சம்பளமாகவும், லாரி வாடகையாகவும், மளிகைக்கடையின் இலாபமாகவும் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. உறுப்பினர் இடத்துக்கு ஆள் தேடுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய நிலைமை இதுவே.

உரிமத்தின் இரு வாயில்கள்

தீபகற்ப மலேசியாவில் மதுபானச் சில்லறை விற்பனையை 1976ஆம் ஆண்டின் கலால் சட்டமும் அதன்கீழ் 1977இல் இயற்றப்பட்ட மதுபான விற்பனை விதிமுறைகளும் ஆள்கின்றன. கலால் என்பது நாட்டுக்குள் உற்பத்தியாகும் குறிப்பிட்ட பொருள்கள்மீது விதிக்கப்படும் வரி. மது அத்தகைய வரிக்குட்பட்ட பொருளாதலால் அதன் விற்பனை உரிமமும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. மூடிய புட்டியை வாங்கிச் செல்லும் சில்லறைக் கடை, அமர்ந்து பருகும் மதுக்கூடம், பீர் மட்டும் பரிமாறும் கடை, மொத்த வணிகர் என உரிமங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவற்றைப் பரிசீலிக்கும் உரிம வாரியம் சிலாங்கூரில் மாவட்ட அளவில் செயல்படுகிறது. மாவட்ட அதிகாரி அதற்குத் தலைமை வகிப்பது வழக்கம். இது முதல் வாயில். அக்கடை இயங்கும் கட்டடத்துக்கும் தொழிலுக்கும் உள்ளாட்சி மன்றம் தனியே உரிமம் வழங்க வேண்டும் என்பது இரண்டாம் வாயில். சுங்கை வேயைப் பொறுத்தவரை அது பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் பொறுப்பாகும்.

இவ்விரு வாயில்களிலும் அமர்வோர் எவரும் வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பத்தாம் பிரிவின்படி, மன்றத் தலைவர் அல்லது மேயருடன் எட்டுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஒருவரது நியமனக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்றாலும், சிலாங்கூரில் அதைவிடக் குறுகிய காலத்துக்கு நியமித்துப் பின்னர் நீட்டிப்பதே பழக்கமாக இருந்துவந்துள்ளது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அந்த ஆட்சிப் பரப்பிலேயே வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும், உள்ளாட்சி அனுபவம், தொழில் தகுதி, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் ஆற்றல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடையவராக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வசிப்பிடம் பற்றிய அச்சொற்றொடரையும், சமூக நலனை எடுத்துரைப்பது பற்றிய இறுதிச் சொற்றொடரையும் பற்றிக்கொண்டுதான் இத்துறையில் உழைப்போர் தம் மனுக்களை எழுதுகின்றனர்.

தேர்தல் இருந்த காலமும் கள்ளுக்கடை எதிர்ப்பும்

இன்றைய நியமன முறை தொன்றுதொட்டு வந்ததன்று. மலாயாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நடந்தன; புதுக்கிராமங்களுக்கென 1952இல் வந்த சட்டத்தின்கீழ்ச் சிற்றூர் மன்றங்கள் பலவும் தேர்தல் வழியே அமைந்தன. கோலாலம்பூரின் தேர்தல் மன்றம் 1961இல் ஆணையரின் ஆட்சிக்கு வழிவிட்டது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் ஊர் ஊராகச் சாட்சியம் பெற்று, 1968இல் அளித்த அறிக்கையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையே பரிந்துரைத்தது. ஒரு தமிழர் தலைமையேற்று எழுதிய அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976இன் சட்டம், பதினைந்தாம் பிரிவின் வாயிலாக, தேர்தலுக்கான வழியை முற்றாக அடைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றபோது, 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அவ்வதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஆட்சி மாறியபின் வீடமைப்பு, உள்ளாட்சித் துறை அமைச்சர் அத்தேர்தலை மீட்கும் எண்ணத்தை வெளியிட்டார். இன மோதலுக்கு அது வழிவகுக்கும் என்று கூறி அன்றைய பிரதமர் மகாதீர் அதை ஏற்க மறுத்தார்.

இத்தேர்தல் வரலாற்றுக்கு முன்பே, மது விற்பனை யாருடைய விருப்பத்தால் நடக்க வேண்டும் என்ற கேள்வியைக் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் எழுப்பிவிட்டனர். தோட்டங்களில் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியதும் நகரங்களில் அரசே நடத்தியதும் அக்கால வழக்கம். தொழிலாளி கலப்படச் சாராயத்தை நாடாமல் தடுக்கும் ஏற்பாடு என்றும், இலாபம் அவன் நலனுக்கே திரும்புகிறது என்றும் அதற்கு நியாயம் கூறப்பட்டது. 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் இவ்வேற்பாட்டை எதிர்த்துவந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள், சம ஊதியம், பெண்களின் பாதுகாப்பு, கல்வி, மருத்துவ வசதி, துரைகளின் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. நாதன் கைதானார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, பின்னர் அவர் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலை இயக்கமாக நடத்தினர். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் அதன் தொடர்பாக நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தம் குடியிருப்பின் நடுவே மது விற்பதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் தமக்கு இருக்கை இல்லாதவர்கள் சாலையில் நின்று பேசினார்கள் என்பதே இந்நிகழ்வுகளின் பொருள். அவ்வுரிமைக்கு ஓர் இருக்கையேனும் கிடைத்துள்ள இக்காலத்தில் அதனைக் காலியாக விட்டுவைப்பது அத்தியாகத்தை மறப்பதாகும்.

பிற நாடுகளின் ஏற்பாடுகள்

மது உரிமத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டோரிடம் ஒப்படைத்த நாடுகள் காலியிடத்தை எவ்வாறு கையாள்கின்றன என்பதை அறிவது இங்குள்ளோர்க்குப் பயன்படும். நியூசிலாந்தில் உரிம அறக்கட்டளை என்னும் அமைப்பு உண்டு. ஒரு வட்டாரத்தில் மது விற்கும் உரிமையைத் தனியாருக்கு விடாமல், அவ்வட்டார வாக்காளர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் குழுவிடம் வைத்து, கிடைக்கும் இலாபத்தைப் பொதுப்பணிக்குச் செலவிடுவது அதன் அடிப்படை. இன்வர்கார்கில் நகரம் 1906 முதல் மக்கள் வாக்கெடுப்பின்படி மதுக்கடை இல்லாமல் இருந்து, 1943இல் மீண்டும் வாக்களித்துக் கடைகளை ஏற்றபோது, 1944இல் முதல் அறக்கட்டளை அங்கே உருவானது. ஆக்லாந்தின் மேற்குப் பகுதியில் போர்ட்டேஜ், வைட்டாகிரி என்னும் இரு அறக்கட்டளைகள் 1972இல் தோன்றின. அந்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் சட்டத்தின்படி, அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கும்போது ஓரிடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால், எஞ்சிய உறுப்பினர்கள் ஒருவரை நியமிக்கலாம் அல்லது காலியாக விடலாம். நியமிப்பதாயின், எந்த முறையில், எந்தத் தகுதிகளைக் கொண்டு அவரைத் தெரிந்தெடுத்தனர் என்பதைப் பொது அறிவிப்பில் குறிப்பிட வேண்டும் என்ற விதியே அச்சட்டத்தின் பெருஞ்சிறப்பு. தேர்தல் இல்லாத நியமனமும் மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்பதை அவ்விதி ஏற்கிறது.

ஸ்காட்லாந்தில் 2005ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்தே ஐவருக்குக் குறையாமலும் பதின்மருக்கு மிகாமலும் உரிம வாரியம் தெரிந்தெடுக்கப்படுகிறது. மதுக்கடை உரிமம் வைத்திருப்போரும், மது உற்பத்தியிலோ விற்பனையிலோ தொழில் நடத்துவோரும், அத்தொழிலில் பணியாற்றுவோரும் அதில் இடம்பெற முடியாது. தேர்வானவர் மூன்று மாதங்களுக்குள் உரிமச் சட்டம் பற்றிய பயிற்சியை முடித்ததற்குச் சான்று காட்டத் தவறினால் பதவியை இழக்கிறார். கூட்டம் நடத்தத் தேவைப்படும் குறைந்தபட்ச வருகையும் பாதி உறுப்பினர்கள் என்றும், எந்நிலையிலும் மூவருக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டுள்ளது. வெளிப்படைத்தன்மை நியூசிலாந்து தரும் பாடமென்றால், நலன்முரண் விலக்கும் பயிற்சியும் ஸ்காட்லாந்து தரும் பாடங்களாகும். இவற்றை நடைமுறையாக்க மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் மீளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நியமன முறைக்குள்ளேயே இவை மூன்றும் பொருந்தக்கூடியவை.

காலியிடம் உண்டாகும் வழிகள்

நியமன உறுப்பினர் இடம் இறப்பாலும் விலகலாலும் மட்டும் காலியாவதில்லை என்பதை இப்பணியில் ஈடுபட்டோர் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். நியமனக் கடிதத்தில் குறித்த காலம் முடிந்தும் அடுத்த பட்டியல் வெளிவராத இடைவெளி, பொதுத்தேர்தலால் ஆட்சியோ மந்திரி புசார் என்னும் மாநில முதல்வரோ மாறும்போது எல்லா இடங்களும் ஒருசேர நிலையற்றுப் போவது, கட்சிகளுக்கிடையே இடப்பங்கீடு முடிவாகாமல் இழுபடுவது ஆகியவையே பெரும்பாலான காலியிடங்களுக்குக் காரணம். 2008 மார்ச் பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் ஆட்சி மாறியபின், புதிய மன்ற உறுப்பினர்கள் அவ்வாண்டின் நடுப்பகுதியில்தான் பொறுப்பேற்றனர். அந்நியமனங்களில் கட்சிக்காரர்களோடு குடியிருப்போர் சங்கங்களையும் அரசு சாரா அமைப்புகளையும் சார்ந்தோர் இடம்பெற்றது ஒரு திருப்பமாக அமைந்தது. கட்சி உறுப்பினர் அல்லாத ஒருவரைப் பரிந்துரைப்பதில் பொருள் உண்டு என்ற நம்பிக்கை அதன்பிறகே வேரூன்றியது.

இடம் உள்ளபடியே காலியாக இல்லாமல், ஆளிருந்தும் காலியாக இருக்கும் நிலை இன்னொன்று. பல கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் ஒருவர் ஒரு வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்டு, மாதக் கூட்டத்தில் கையெழுத்திட்டுச் செல்பவராக இருந்தால், ஏட்டில் நிரம்பியுள்ள இடம் தெருவைப் பொறுத்தவரை வெறுமையே. இதைக் கண்டறிய மனுதாரர்கள் கையாளும் சோதனை மிக எளியது: அவ்வட்டாரத்தில் அண்மையில் உரிமம் கோரிய கடை எது, அது எந்தக் கட்டடத்தில், எந்த வரிசையில் அமையவிருக்கிறது என்ற கேள்விக்கு உறுப்பினரிடம் விடை இருக்கிறதா என்று பார்ப்பது. விடை இல்லையெனில், அடுத்த நியமனக் காலத்துக்கான வேலையை அன்றே தொடங்கிவிட வேண்டும்.

காலத்தை முந்துவதே இப்பணியின் முதல் திறமை. நியமனக் காலம் முடியும் நாளை அறிந்து, அதற்குச் சில மாதங்கள் முன்பே பெயரைக் கொடுத்தால்தான் அது பட்டியலைத் தயாரிப்போரின் மேசையைச் சென்றடையும். இடம் காலியானபின் அனுப்பப்படும் பெயர், பெரும்பாலும் அதற்கு முன்பே ஒப்பந்தமாகிவிட்ட பங்கீட்டைச் சந்திக்கிறது. சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சிக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், இந்தியர் சமூகத் தலைவர், மன்றத்தின் குடியிருப்போர் பிரதிநிதிக் குழு ஆகிய எல்லாருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைப்பது வழக்கம். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அது அவருடைய ஆளின் பெயராகிவிடுகிறது. நால்வரிடமும் கொடுத்தால் அது வட்டாரத்தின் பெயராகிறது.

ஆள் தேடும் கலை

தகுதியுள்ளவர் யார் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிது. அவர் வர இயலுமா என்பதே கடினம். ஒரு கடைவரிசையின் உண்மை நிலையை நன்கறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்: பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பின்மாலையில் பேருந்திலிருந்து இறங்கி நடப்போர், சம்பள நாளில் கணவரின் வருகையை எதிர்பார்த்திருப்போர். அவர்களில் பலர் தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர்களாதலால், வேலை நாளின் காலையில் கூடும் கூட்டத்துக்கு வருவது ஒரு நாள் சம்பளத்தை இழப்பதாகும். உறுப்பினருக்கு உதவித்தொகை உண்டென்றாலும், விடுப்புத் தர முதலாளி ஒப்புவாரா என்பது தனிக் கேள்வி. ஆகவே அனுபவமுள்ள செயலாளர்கள் ஒருவரின் பெயரைக் கேட்கும்போதே, அவர் வேலை செய்யும் நேரம், வீட்டுப் பொறுப்பு, பயண வசதி ஆகியவற்றையும் கேட்டறிந்து, தேவைப்பட்டால் முதலாளிக்குக் கடிதம் எழுதித் தரவும் முன்வருகின்றனர்.

அச்சம் அடுத்த தடை. உரிமத்தை எதிர்ப்பவர் என்ற பெயர் பரவினால் கடைக்காரரோடும் அவரைச் சார்ந்தோரோடும் அன்றாடம் முகம் பார்க்க நேரும். ஒரே அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு இது சிறிய செய்தியன்று. இவ்வச்சத்தைக் குறைக்க நடைமுறையில் கைகொடுத்த வழி, தனி ஒருவரை முன்னிறுத்தாமல் இருவரையோ மூவரையோ சேர்த்துப் பரிந்துரைத்து, எதிர்ப்புக் கடிதங்களைச் சங்கத்தின் பெயரில் அனுப்பி, உறுப்பினரானவர் அக்கடிதங்களைப் பரிசீலிப்பவராக மட்டும் நிற்கும்படி பணியைப் பிரித்துக்கொள்வதாகும். உரிமம் வழங்குபவர் நடுநிலையில் நிற்க வேண்டும் என்ற சட்ட நெறிக்கும் இப்பிரிவினை பொருந்துகிறது. முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதாகக் காட்டிக்கொண்ட உறுப்பினரின் சொல்லை வாரியம் எளிதில் ஒதுக்கிவிடும்.

நலன்முரண் பற்றிய கேள்வி சுங்கை வேயில் கூர்மை பெறுகிறது. நலன்முரண் என்பது, ஒருவர் பொதுவில் எடுக்க வேண்டிய முடிவில் அவருக்கே தனிப்பட்ட ஆதாயமோ இழப்போ இருப்பது. கடை உரிமம் வைத்திருப்பவர், அக்கடைக்குச் சரக்கு வழங்குபவர், கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஆகியோர் விலக வேண்டியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆலையில் கூலிக்கு உழைப்பவரின் நிலை என்ன? ஸ்காட்லாந்தின் விதி அவரையும் விலக்குகிறது. அவ்விதியை அப்படியே ஏற்பது நேர்மையான வழி என்றாலும், அவருடைய உறவினரையெல்லாம் விலக்கினால் இவ்வட்டாரத்தில் எஞ்சுவோர் சிலரே. அதனால் பணியாளரைத் தவிர்த்து, உறவினரை அனுமதித்து, உறவை எழுத்தில் முன்கூட்டியே அறிவிக்கச் செய்து, அந்நிறுவனத்தின் நேரடி விண்ணப்பம் வரும்போது அவர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்று வரையறுப்பதே நியாயமான இடைவழியாகத் தோன்றுகிறது. அறிவிக்கப்பட்ட உறவு பழிக்கு இடம் தருவதில்லை; மறைக்கப்பட்ட உறவோ பின்னாளில் அவ்வுறுப்பினர் கூறிய எல்லாச் சொற்களையும் செல்லாதனவாக்கிவிடுகிறது.

கோப்பைப் படித்தலும் தெருவைப் படித்தலும்

இடம் நிரம்பியதும் பணி முடிந்துவிடுவதில்லை. புதியவருக்குக் கற்பிப்பது அதன் பின்பாதி. விண்ணப்பக் கோப்பில் நிறுவனப் பதிவு, கட்டடத்தின் பயன்பாட்டு வகை, தரைப்படம், சுற்றியுள்ள இடங்களின் வரைபடம், காவல்துறை உள்ளிட்ட துறைகளின் கருத்து ஆகியவை இருக்கும். வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றின் அருகாமை கவனத்தில் கொள்ளப்படுகிறது. ஆனால் வரைபடம் சாலையைக் காட்டுமே தவிர ஒற்றையடிப் பாதையைக் காட்டாது. கடைக்கும் பள்ளிக்கும் இடையே பெருஞ்சாலை வழியே அதிகத் தொலைவு இருப்பதாகத் தெரியலாம். சாக்கடைமீது போடப்பட்ட நடைபாலத்தின் வழியே பிள்ளைகள் சில நிமிடங்களில் அவ்விடத்தைக் கடந்துகொண்டிருப்பார்கள். இதை அறிந்து சொல்பவர் இல்லாத கூட்டத்தில் வரைபடமே வெல்கிறது. அதனால் புதிய உறுப்பினரை ஒவ்வொரு விண்ணப்ப இடத்துக்கும் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும், கூடுமானால் சம்பளம் கிடைக்கும் வாரத்தில் இன்னொரு முறையும் அழைத்துச் சென்று காட்டுவது இப்பணியாளர்களிடையே எழுதப்படாத விதியாகிவிட்டது.

எதிர்ப்புக் கடிதம் எழுதுவதிலும் இதே நெறி பயன்படுகிறது. மது தீயது, சமூகத்தைக் கெடுக்கிறது என்ற பொதுக் கூற்றுகள் எவ்வளவு உண்மையாயினும் வாரியத்துக்கு ஒரு குறிப்பிட்ட விண்ணப்பத்தை மறுக்கக் காரணம் ஆவதில்லை. எந்த நேரத்தில், கட்டடத்தின் எந்தப் பக்கத்தில், எவ்வகைப் புட்டிகள் கிடக்கின்றன, பேருந்து நிறுத்தம் எவ்வாறு பயன்படுகிறது, ஏற்கெனவே எத்தனை கடைகள் அதே வரிசையில் உள்ளன என்ற விவரங்கள் தேதியோடு எழுதப்படும்போது, உரிமத்தை முற்றாக மறுக்காவிட்டாலும் நேரத்தைக் குறைக்கவோ, சிறு புட்டி விற்பனையைத் தவிர்க்கவோ, வாசலில் விளக்குப் பொருத்தவோ நிபந்தனை விதிக்க வாரியத்துக்கு ஆதாரம் கிடைக்கிறது. முழுத் தடையை எதிர்பார்த்து ஏமாந்து ஓய்ந்துவிட்ட சங்கங்களைவிட, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வென்றெடுத்த சங்கங்களே நீடித்து நின்றுள்ளன.

காலியிடத்தில் மறையும் குரல்

நாட்டில் மதுவைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் சமய உரிமையின் விவாதமாகவே நடக்கிறது. 2009இல் ஷா ஆலாமின் எட்டாம் பிரிவில் ஒரு கடையிலிருந்து பீர் பறிமுதல் செய்யப்பட்டபோதும், கோலாலம்பூரில் மளிகைக்கடைகள், வசதிக்கடைகள், சீன மருந்துக்கடைகள் ஆகியவற்றில் கடும் மதுவகைகளை விற்கக் கூடாது என்றும் பீரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டுமே விற்கலாம் என்றும் 2020 நவம்பரில் புதிய வழிகாட்டி அறிவிக்கப்பட்டபோதும், முஸ்லிம்களின் உணர்வு ஒருபுறமும் முஸ்லிம் அல்லாதாரின் உரிமை மறுபுறமும் நின்று வாதிட்டன. இரண்டு வாதங்களுக்கும் இடமுண்டு. ஆயினும் மலிவான சாம்சு என்னும் கடும் மதுவால் உடலும் குடும்பமும் சிதையும் ஏழைத் தமிழரின் நிலை இவ்விரு வாதங்களிலும் இடம்பெறாமல் நழுவிப்போகிறது. முஸ்லிம் அல்லாதாரின் உரிமையைக் காப்பதாகச் சொல்லும்போது அந்த ஏழைத் தமிழர் வாங்குபவராக மட்டும் எண்ணப்படுகிறார். முஸ்லிம்களின் உணர்வைக் காப்பதாகச் சொல்லும்போது அவர் எண்ணப்படுவதே இல்லை.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்னும் நச்சு கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டபோது, அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்பது தெரியவந்தது. மலிவு மதுவின் சந்தை ஏழைகளின் தெருக்களில்தான் இயங்குகிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. 2020இல் மது அருந்தி வாகனம் ஓட்டுவோர்க்கான இரத்த ஆல்ககால் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. இச்சட்டங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் வயதைக் கேட்காமல் விற்கும் கடை எது, முத்திரையற்ற புட்டி எந்தப் பின்வாசலில் கைமாறுகிறது என்பதை மத்திய அரசின் சட்டம் அறியாது. அத்தெருவில் வாழ்ந்து, உரிமம் புதுப்பிக்கும் கூட்டத்தில் அமரும் ஒருவரே அறிவார். உரிமம் ஆண்டுதோறும் மீண்டும் பரிசீலனைக்கு வருமிடத்து, ஒரு கூட்டத்தில் அவர் இல்லாமற்போவது ஓராண்டுக் கண்காணிப்பை இழப்பதாகும்.

செய்ய வேண்டியவை

இப்பட்டறிவின் அடிப்படையில், மாநில அரசும் மன்றங்களும் சட்டத்திருத்தம் இன்றியே மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகள் உள்ளன. ஒவ்வோர் உறுப்பினரின் நியமனக் காலம் முடியும் நாளும் அவர் பொறுப்பேற்கும் வட்டாரமும் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுவதும் காணும்படி இருத்தல் வேண்டும். இடம் காலியானதும் பரிந்துரைகள் பொதுவில் கோரப்பட்டு, தெரிந்தெடுக்கப்பட்டவரின் பெயரோடு தெரிவு செய்த முறையும் தகுதிகளும் வெளியிடப்பட வேண்டும். மதுத்தொழிலில் நேரடித் தொடர்புடையோர் விலக்கப்பட்டு, உறவுகள் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள் உரிமச் சட்டத்தில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அப்பயிற்சி முறைவேலை செய்வோரும் வரக்கூடிய மாலை நேரத்தில் நடத்தப்பட வேண்டும். வட்டாரப் பிரதிநிதியின் இடம் காலியாக உள்ள காலத்தில், அவ்வட்டாரத்தின் புதிய மதுக்கடை விண்ணப்பங்கள் ஒத்திவைக்கப்பட வேண்டும் என்ற ஒரு நெறியை மட்டும் மன்றம் ஏற்றுக்கொண்டால், காலியிடத்தை விரைந்து நிரப்புவதில் வணிகர்களுக்கும் அக்கறை பிறந்துவிடும். இன்று அவ்வக்கறை குடியிருப்போரிடம் மட்டும் இருப்பதே தாமதத்தின் மூலகாரணம்.

சங்கங்களின் பக்கத்திலும் கடமை உண்டு. விலகும் உறுப்பினர் தம் கோப்புகளை, எதிர்ப்புக் கடிதங்களை, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் பட்டியலை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பழக்கம் வேரூன்ற வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு நியமனமும் முதலிலிருந்து தொடங்குகிறது. அடுத்து வரக்கூடிய இருவரையேனும் எப்போதும் பழக்கி வைத்திருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் மீள வேண்டும் என்ற கோரிக்கை ஆதி நாகப்பன் ஆணையத்தின் காலம் தொட்டு நியாயமானதாகவே இருந்துவருகிறது. அது வெல்லும் நாளில், கோப்பைப் படிக்கவும் தெருவைப் படிக்கவும் பழகிய மனிதர்கள் வேட்பாளர்களாக நிற்க ஆயத்தமாக இருந்தால்தான் அத்தேர்தலும் பொருளுடையதாகும். கள்ளுக்கடையை மூடு என்று 1941இல் கேட்ட தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் வாழும் இம்மண்ணில், உரிமம் வழங்கும் மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளில் ஒன்றுகூட அவர்களுக்கு உரியவர் இல்லாமல் வெறுமையாக இருக்கலாகாது.